வால்வு கார் ரேடியோ: உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு ப்ளூடூத் வைக்கலாமா?

பிப்ரவரி 3, 2019 – வாசகர் கேள்வி

தாத்தா வாங்கிய 1951 பிளைமவுத் இன்னும் ஓடுகிறது. டேஷ்போர்டில் இருக்கும் வால்வு ரேடியோதான் (டிரான்சிஸ்டருக்கு முந்திய, கண்ணாடிக் குழாய் போட்ட செட்) ஊமை. சுவிட்சைத் திருகினால் ஃப்யூஸ் போகிறது. உள்ளே இருப்பதை மொத்தமாகக் கழற்றிவிட்டு ப்ளூடூத் போர்டு வைத்துவிடலாம், முகப்பும் குமிழும் அப்படியே இருக்கும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. இந்தக் காலத்தில் வால்வு கார் ரேடியோவைச் சரிசெய்வது காசுக்கும் நேரத்துக்கும் கேடு. இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

இல்லை என்கிறேன். ஃப்யூஸ் போவது நல்ல செய்தி. எங்கோ ஒரு இடத்தில் ஷார்ட் இருக்கிறது, அவ்வளவுதான். சத்தமே இல்லாமல் செத்துக் கிடக்கும் செட்டைவிட இதில் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம்.

முதலில், பேட்டரி கொடுத்து திரும்பத் திரும்ப சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். பெரிய ஃப்யூஸ் போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்த ஃப்யூஸ்தான் இத்தனை நாள் டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

பிப்ரவரி 4

வீட்டு வால்வு ரேடியோ பார்த்தவர்களுக்கும் கார் ரேடியோ புதிதாக இருப்பது அதன் பவர் சப்ளையால்தான். வால்வின் பிளேட்டுக்கு, அதாவது உள்ளே எலெக்ட்ரான்களை இழுக்கும் தகட்டுக்கு, 200 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். காரில் இருப்பதோ 6 வோல்ட் டிசி. டிசியை டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்பிப் பயனில்லை. அதனால் வைப்ரேட்டர் என்று ஒரு சாமான்: அலுமினிய டப்பாவுக்குள் ஒரு காயில், ஒரு மெல்லிய இரும்பு நாக்கு, இரண்டு பக்கமும் காண்டாக்ட். நாக்கு நொடிக்கு ஏறக்குறைய 115 தடவை இங்கும் அங்கும் அடித்து, பேட்டரி கரண்டை டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பாதிகளுக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. அந்தப் பக்கம் ஏசியாக ஏறி வருவதை 6எக்ஸ்4 போன்ற ரெக்டிஃபையர் வால்வு மறுபடி டிசி ஆக்குகிறது. செட்டைப் போட்டவுடன் வரும் மெல்லிய "ர்ர்ர்" இந்த நாக்கின் சத்தம்.

நாக்கு ஒரு காண்டாக்டை விட்டு இன்னொன்றைத் தொடுவதற்குள் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அந்தக் கணத்தில் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு வோல்ட்டேஜ் உதை கொடுக்கும். அந்த உதையைத் தாங்கிக்கொள்ள செகண்டரிக்கு (உயர் வோல்ட்டேஜ் வரும் காயிலுக்கு) குறுக்கே ஒரு கண்டன்சர் வைத்திருப்பார்கள், பஃபர் கண்டன்சர் என்று பெயர். 1600 வோல்ட் தாங்கும் சரக்கு. அறுபது எழுபது வருஷத்தில் அது கட்டாயம் போயிருக்கும். அது ஷார்ட் ஆனால் வைப்ரேட்டர் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், ஃப்யூஸ் போகும். உங்கள் கதை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 4, கொஞ்சம் கழித்து

கீழே ஒருவர் "டிரான்ஸ்ஃபார்மரே போயிருக்கும், கோவையில் மோட்டார் காயில் கட்டுபவரிடம் கொடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். காயில் கட்ட இந்த ஊரில் ஆளுக்கா பஞ்சம்? ஆனால் அவசரம் வேண்டாம். வீட்டிலேயே பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது.

வைப்ரேட்டரைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். ஃப்யூஸ் நிற்கிறதா? அப்படியென்றால் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் கம்பி) வயரிங் நலம். அடுத்து 6எக்ஸ்4ஐப் பிடுங்கிவிட்டு வைப்ரேட்டரை மட்டும் செருகுங்கள். இப்போது ஃப்யூஸ் போனால் கோளாறு வைப்ரேட்டர், பஃபர் கண்டன்சர், டிரான்ஸ்ஃபார்மர் இந்த மூன்றுக்குள். போகாவிட்டால் ரெக்டிஃபையரிலோ அதைத் தாண்டியோ, பெரும்பாலும் டிசியைச் சமன் செய்யும் எலெக்ட்ரோலைட்டிக் கண்டன்சரில். இதற்கு மீட்டர்கூட வேண்டாம்.

பிப்ரவரி 9

கேட்டவர் ரேடியோவைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டு என் மேசைக்கே கொண்டுவந்துவிட்டார். பிரீமியர் ஆலை பம்பாய் குர்லாவில் டாட்ஜ், பிளைமவுத் எல்லாம் பூட்டிக்கொண்டிருந்த காலத்து வண்டி என்றார். ரேடியோ அமெரிக்கச் சரக்கு. கை வலிக்கும் கனம்.

மூடியைத் திறந்ததும் கரப்பான் முட்டைக் கூடு, சிவப்பு மண், மெழுகு வாடை. காகிதக் கண்டன்சர்களின் மெழுகு உருகி வழிந்து சேசிஸின் (அடித்தகட்டின்) ஒரு மூலையில் கட்டியாக உறைந்திருக்கிறது. பஃபர் கண்டன்சரின் வயிறு வெடித்து உள்ளே சுருட்டிய காகிதம் வெளியே தெரிகிறது. மீட்டரை வைத்தேன், 40 ஓம். மேலே சொன்ன பரிசோதனைக்குத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

வால்வு வரிசை: 6பிஏ6, 6பிஇ6, இன்னொரு 6பிஏ6, 6ஏவி6, 6ஏக்யூ5, 6எக்ஸ்4. அந்தக் காலத்துச் சராசரி கார் செட். ஐரோப்பியப் பெயரில் தேடினால் ஈஎஃப்93, ஈகே90, ஈபிசி91, ஈஎல்90, ஈஇசட்90. பழைய ரேடியோ மெக்கானிக் கடைகளில் இந்தப் பெயர்களைச் சொன்னால் சட்டென்று புரியும். சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இப்போது வால்வு என்று கேட்டால் தண்ணீர்க் குழாய்க் கடைக்கு வழி சொல்கிறார்கள்.

பிப்ரவரி 10

பஃபர் கண்டன்சர் மதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் 0.008 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்கிறது. "0.01 போட்டால் என்ன, கிட்டத்தட்ட அதுதானே" என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். இந்த மதிப்பு டிரான்ஸ்ஃபார்மரின் காயிலோடு ஜோடி சேர்த்துக் கணக்கிட்டது. கூடினாலும் குறைந்தாலும் காண்டாக்டில் பொறி பறக்கும், வைப்ரேட்டரின் ஆயுசு குறையும். 0.008 எனக்குக் கிடைக்கவில்லை. 0.0068, 0.0012 இரண்டையும் இணையாகச் சேர்த்துப் போட்டேன். இரண்டுமே பாலிப்ரொப்பிலீன், 2000 வோல்ட். 630 வோல்ட் கண்டன்சர் தாராளமாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள்.

பிப்ரவரி 12

இன்று வைப்ரேட்டர் அறுவை சிகிச்சை. டப்பாவின் அடி விளிம்பைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி விரித்தால் உள்ளே இருப்பது மொத்தமாக வழுக்கி வருகிறது. சுற்றி அணைத்திருந்த ஸ்பாஞ்ச் ரப்பர் தொட்டதும் கறுப்புப் பொடியானது. காண்டாக்டுகள் டங்ஸ்டன். தேய்மானம் அதிகம் இல்லை, மேலே சாம்பல் நிறத்தில் ஒரு படலம்தான். 1500 நம்பர் எமரித் தாளை மெல்லிய நாடாவாக வெட்டி, காண்டாக்டுக்கு நடுவே விட்டு, விரலால் லேசாக அழுத்திப் பிடித்து இழுத்தேன். அப்புறம் ஸ்பிரிட் நனைத்த விசிட்டிங் கார்டுத் துண்டால் அதே வேலை. எமரித் தூளை உள்ளே விட்டுவிடக் கூடாது என்பதற்காக அது. நாக்கை வளைக்கவோ இடைவெளியைத் திருத்தவோ போகாதீர்கள். ஆலையில் வைத்த இடைவெளி அது.

6 வோல்ட் கொடுத்ததும் முதலில் ஒன்றும் இல்லை. பென்சிலால் தட்டினேன். நாக்கு பாட ஆரம்பித்துவிட்டது.

பிப்ரவரி 12, இரவு

6 வோல்ட் எங்கிருந்து எடுப்பது என்று கேட்டிருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹீட்டர் மட்டும்: நான்கு சின்ன வால்வுக்குத் தலா 0.3 ஆம்பியர், 6ஏக்யூ5க்கு 0.45, 6எக்ஸ்4க்கு 0.6. ஆக 2.25. டயல் பல்பைச் சேர்த்தால் இரண்டரை. வைப்ரேட்டர் ஓடினால் அதற்கு மேல் மூன்று, நான்கு. சாதாரண 3 ஆம்பியர் பெஞ்ச் சப்ளை மூச்சுத் திணறும். பழைய இருசக்கர வண்டிகளுக்கு வரும் 6 வோல்ட் பேட்டரி போதும், கூடவே ஒரு 10 ஆம்பியர் ஃப்யூஸ். முதல் தடவை ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடரில் போட்டுக்கொள்ளுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று. 6 வோல்ட்தானே என்று உள்ளே கை வைக்காதீர்கள். 6எக்ஸ்4ஐத் தாண்டி 235 வோல்ட் இருக்கிறது. அணைத்த பிறகும் எலெக்ட்ரோலைட்டிக்கில் தங்கி நிற்கும்.

பிப்ரவரி 14

"வேலை செய்கிற காகிதக் கண்டன்சரை ஏன் மாற்ற வேண்டும், பழமையைக் கெடுக்கிறீர்கள்" என்று ஒரு கண்டனம் வந்திருக்கிறது. நியாயமான கேள்விதான். அதனால் 6ஏவி6க்கும் அவுட்புட் வால்வான 6ஏக்யூ5க்கும் நடுவில் இருந்ததைக் கழற்றி, ஒரு பக்கம் 235 வோல்ட் கொடுத்து மறுபக்கத்துக்கும் எர்த்துக்கும் நடுவே டிஜிட்டல் மீட்டரை வைத்தேன். நல்ல கண்டன்சர் என்றால் மீட்டர் சுழிக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். இது 60 வோல்ட்டில் நின்றது. மீட்டரின் தடை 10 மெகா ஓம், ஆக 6 மைக்ரோ ஆம்பியர் கசிவு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அரை மெகா ஓம் கிரிட் ரெசிஸ்டரில் அந்தக் கசிவு ஓடினால் அவுட்புட் வால்வின் கிரிட் (கரண்டைக் கட்டுப்படுத்தும் வலை) பாசிட்டிவ் பக்கம் நகரும், வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், சூடேற ஏறக் கசிவும் கூடும். கடைசியில் வால்வும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும்.

காகிதக் கண்டன்சர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பழைய காகிதக் குழாய்க்குள் புது கண்டன்சரை நுழைத்து மெழுகு ஊற்றி மறைக்கிறவர்கள் உண்டு. நான் அந்த அளவுக்குப் போகவில்லை. மூடி போட்ட பிறகு பார்க்கப்போவது யார்?

ரெசிஸ்டர்களில் பாதிக்கு மேல் ஏறியிருந்தன. 220 கிலோ ஓம் என்று நிறம் சொல்வது 310 காட்டுகிறது. இருபது சதவீதத்தைத் தாண்டியதை மட்டும் மாற்றினேன்.

பிப்ரவரி 16

பாடுகிறது. கோவை வானொலி, 999 கிலோஹெர்ட்ஸ். அமெரிக்க டயலில் கடைசிச் சுழியை விட்டுவிட்டு 55, 60, 70 என்று போட்டிருப்பார்கள், 160 வரை. நம்ம ஊர் 100க்கு ஒரு மயிரிழை கீழே. விவசாயச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் விலை தெரிந்துகொண்டேன்.

தினமும் "பாடுதுங்களா?" என்று போன் போட்டுக்கொண்டிருந்தவருக்குப் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். "ஏனுங்க, எஃப்எம் வராதுங்களா?" என்றார்.

பிப்ரவரி 17

ஐஎஃப் டியூனிங் பற்றி. எந்த ஸ்டேஷனையும் செட் உள்ளே ஒரே அலைவரிசைக்கு மாற்றிக்கொண்டுதான் பெருக்கும், அந்த அலைவரிசைதான் ஐஎஃப். தாராபுரத்திலிருந்து ஒருவர், தன் கார் ரேடியோவை மெக்கானிக் "அலைன்" செய்த பிறகு சுத்தமாக எதுவும் வரவில்லை என்று எழுதியிருக்கிறார். சிக்னல் ஜெனரேட்டரை 455இல் வைத்துத் திருகியிருப்பார் என்று ஊகிக்கிறேன். வீட்டு ரேடியோவுக்கு 455 சரி. அமெரிக்கக் கார் செட்டுகள் பலவற்றில் ஐஎஃப் 262 கிலோஹெர்ட்ஸ். குறைந்த ஐஎஃப்பில், இருக்கிற ஒன்றிரண்டு ஸ்டேஜிலேயே பக்கத்து ஸ்டேஷனைப் பிரித்துத் தள்ளிவிடலாம். இடம் நெருக்கடியான பெட்டிக்கு அது லாபம். ஸ்லக்கை (ஐஎஃப் காயிலுக்குள் திருகும் துண்டு) ஒரேயடியாக உள்ளே முறுக்கியிருந்தால் உடைந்திருக்க வாய்ப்புண்டு, மெதுவாக வெளியே எடுத்துப் பாருங்கள்.

நேற்று ராத்திரி என் பெஞ்சில் பெங்களூரு 612, திருச்சூர் 630 இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக வந்தன. இடைவெளி 18தான். ஐஎஃப்பை நான் தொடவே இல்லை. நன்றாக இருப்பதைத் திருகாதீர்கள்.

பிப்ரவரி 17, பின்குறிப்பு

டயலில் 64 பக்கத்திலும் 124 பக்கத்திலும் குட்டி முக்கோணம் இருக்கிறதே, அது என்ன என்று கேட்டவருக்கு: அது பனிப்போர்க் கால அடையாளம். தாக்குதல் வந்தால் அமெரிக்காவில் மற்ற நிலையங்கள் அடங்கி, 640, 1240 இரண்டில் மட்டும் அறிவிப்பு வரும் என்று ஓர் ஏற்பாடு. 1953 முதல் 1963 வரை அங்கே வந்த செட்டுகளில் அந்தக் குறி உண்டு. ஆக உங்களுடையது 1953க்கு முந்தியது இல்லை. "1948 மாடல்" என்று விற்றவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பிப்ரவரி 20

கிளைக்கேள்வி. 1958 செட் வைத்திருப்பவர், "வைப்ரேட்டரையே காணோம், பிளேட்டில் 12 வோல்ட்தான் இருக்கிறது, டிரான்ஸ்ஃபார்மரை யாரோ திருடிவிட்டார்கள்" என்கிறார். யாரும் திருடவில்லை. கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறிய பிறகு, 1956 வாக்கில், பிளேட்டுக்கு 12 வோல்ட்டே போதும் என்கிற வால்வுகள் வந்தன: 12ஏடி6, 12டிஎல்8 வகையறா. ஸ்பீக்கரை ஓட்டும் பலம் அவற்றுக்குக் கிடையாது, அதனால் கடைசியில் ஒரு ஜெர்மானியம் பவர் டிரான்சிஸ்டர். பெட்டியின் பின்பக்கம் தகட்டில் திருகியிருக்கும், பாருங்கள். சில வருஷமே வாழ்ந்த கலப்பு ஜாதி. முழு டிரான்சிஸ்டர் கார் ரேடியோவை கிரைஸ்லரும் பில்கோவும் 1955லேயே காட்டிவிட்டார்கள், 1956 இம்பீரியல் காரில் அது வந்தது. விலைதான் 150 டாலர்.

விலை என்றதும் நினைவுக்கு வருகிறது. 1930இல் பால் கால்வின் மோட்டரோலா என்று பெயர் வைத்து விற்க ஆரம்பித்த கார் ரேடியோவும் நூறு டாலருக்கு மேல்தான். புது ஃபோர்டு காரே ஐந்நூறு சொச்சத்துக்குக் கிடைத்த காலம். அந்தத் தலைமுறை செட்டுகளுக்கு வைப்ரேட்டரும் இல்லை. உயர் வோல்ட்டேஜுக்குத் தனி பேட்டரிக் கட்டு, காரின் தரைக்கு அடியில். தீர்ந்தால் வாங்கு, மாட்டு. அதோடு ஒப்பிட்டால் வைப்ரேட்டர் எவ்வளவு பெரிய விடுதலை!

பிப்ரவரி 24

செட்டை வண்டியில் மாட்டியாயிற்று. பெஞ்சில் துல்லியமாக இருந்தது வண்டியில் மந்தமாக இருந்தது. எதிர்பார்த்ததுதான். கார் ஏரியலும் அதன் ஒயரும் செட்டின் கண்ணுக்கு ஒரு கண்டன்சர். பெஞ்சில் தொங்கவிட்ட நீள ஒயர் அப்படி இல்லை. ஏரியலை முழுசாக மேலே இழுத்து, டயலை 140 பக்கம் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, இரைச்சல் அதிகமாகும் வரை ஏரியல் ட்ரிம்மரை (ஏரியலுக்கு ஏற்பச் செட்டைப் பொருத்தும் திருகு) திருகுங்கள். கால் திருகுக்குள் வித்தியாசம் காதில் விழும். இந்த ஒரு வேலையை மட்டும் வண்டியில்தான் செய்ய முடியும்.

ஸ்பீக்கர் பேப்பர் ஓரத்தில் கிழிந்திருந்தது. டிஷ்யூ பேப்பர், தண்ணீர் கலந்த ஃபெவிகால். போதும்.

மார்ச் 2

எலெக்ட்ரானிக் வைப்ரேட்டர் (நாக்குக்குப் பதில் டிரான்சிஸ்டர் போட்டது) வேண்டாம் என்று முன்பு வேறொரு இடத்தில் நான் அடித்துப் பேசியதை ஒருவர் தேடி எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறார். நல்ல ஞாபகசக்தி. இப்போது என் நிலை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. கண்காட்சிக்கு மட்டும் வெளியே வரும் வண்டி என்றால் பழைய வைப்ரேட்டரே இருக்கட்டும், அந்த "ர்ர்ர்" இல்லாமல் என்ன வால்வு ரேடியோ? இந்தக் குடும்பமோ ஞாயிறுதோறும் வண்டியில் பேரூர் போய் வருகிறது. டங்ஸ்டன் தேய்ந்தால் மறுபடி கிடைக்காது. அதனால் அதே நான்கு பின் அடித்தளத்தில், அதே டப்பாவுக்குள் மாஸ்ஃபெட் (சுவிட்ச் வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வைத்து ஒன்று செய்து கொடுத்தேன். அசல் வைப்ரேட்டர் துணியில் சுற்றி டேஷ்போர்டு அறையில் இருக்கிறது. பிடுங்கிச் செருகினால் பழையபடி ஆகிவிடும். ப்ளூடூத் போர்டுக்காக எல்லாவற்றையும் வழித்து எடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த பிளைமவுத்தில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த். 6எக்ஸ்4 உள்ள செட்டில் அசல் வைப்ரேட்டருக்கு எர்த் எந்தப் பக்கம் என்ற கவலை இல்லை. மாஸ்ஃபெட்டுக்கு உண்டு, மாற்றிக் கொடுத்தால் அடுத்த நொடி புகை. ரெக்டிஃபையர் வால்வே இல்லாத செட்டுகளில் வைப்ரேட்டரே ரெக்டிஃபையர் வேலையையும் செய்யும். அங்கே அசலுக்கும் எர்த் பக்கம் முக்கியம்.

மார்ச் 3

"என் செட்டில் ஒரு வால்வு எரியவே இல்லை, இரும்பு உறை போட்டிருக்கிறது, 0இசட்4 என்று எழுதியிருக்கிறது" என்பவருக்கு: அது எரியாது. ஹீட்டரே கிடையாது, வாயு நிரப்பிய ரெக்டிஃபையர். ஹீட்டர் கரண்டை மிச்சம் பிடிக்கக் கார்களுக்கென்றே புழங்கிய வால்வு. எரியவில்லை என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

மார்ச் 9

கடைசியில் கேட்டேவிட்டார்கள், பேத்திக்குப் போனிலிருந்து பாட்டு வேண்டுமாம். வால்யூம் கன்ட்ரோலின் மேல்முனைக்கு ஒரு சின்ன கண்டன்சர் வழியாக ஆக்ஸ் ஒயர் கொடுக்கலாம், ரேடியோ பக்கத்தைத் துண்டிக்க ஒரு சுவிட்சோடு. துளை போடாமல் இடுக்கு வழியாகவே ஒயர் வெளியே வந்துவிடும்.

ஆனால் இந்த வண்டியில் போனைச் சார்ஜ் போட்டபடி ஆக்ஸைச் செருகக் கூடாது. ஆக்ஸ் ஒயரின் எர்த் பாடி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ். சார்ஜரின் எர்த் பேட்டரியின் நெகட்டிவ். இரண்டும் போனுக்குள் சந்தித்தால் பேட்டரி மொத்தமும் அந்த மெல்லிய ஒயர் வழியாகத்தான் போகப் பார்க்கும். அதனால் சார்ஜருக்கு இடமே வைக்கவில்லை, பவர் பேங்க் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 16

எஞ்சின் ஓடும்போது மட்டும் இரைச்சல். இதில் இரண்டு வகை. ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து "டட்டட்டட்" என்று வேகமெடுப்பது ஸ்பார்க் பிளக். ரெசிஸ்டர் பிளக் போட்டதும் அது அடங்கிவிட்டது. சுருதி ஏறி ஏறி ஊளையிடுவது ஜெனரேட்டர். அதற்கு அரை மைக்ரோஃபாரட் கண்டன்சர், ஜெனரேட்டரின் ஆர்மேச்சர் முனைக்கும் பாடிக்கும் நடுவே. ஃபீல்டு முனையில் தவறியும் போடக் கூடாது, ரெகுலேட்டர் காண்டாக்ட் கருகும். போடும்போதே ரெகுலேட்டர் வோல்ட்டேஜையும் பார்த்துவிடுங்கள். 7.2 பக்கம் இருக்க வேண்டும். இவர் வண்டியில் 8ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. 6.3 வோல்ட் ஹீட்டர்கள் அதை ரொம்ப நாள் தாங்காது. திங்கட்கிழமை எலெக்ட்ரீஷியனிடம் அனுப்புகிறேன், ரெகுலேட்டருக்கு மட்டும்.